ஒரு கம்ப்யூட்டரில் வரும் பாலிசி பக்கத்துக் கம்ப்யூட்டரில் வரவில்லையா? குரூப் பாலிசி கோளாறைப் படிப்படியாகப் பிடிக்கும் முறை

பத்து நிமிடம் சும்மா இருந்தால் ஸ்கிரீன் லாக் ஆக வேண்டும் என்று குரூப் பாலிசி (ஒரே இடத்திலிருந்து பல கம்ப்யூட்டருக்கு அனுப்பும் செட்டிங்) போட்டாயிற்று. முப்பது கம்ப்யூட்டரில் லாக் ஆகிறது, ஆறில் ஆகவில்லை. பென் டிரைவ் தடை ஒரு மாடியில் வேலை செய்கிறது, அடுத்த மாடியில் யார் செருகினாலும் திறக்கிறது. நெட்வொர்க் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர்கள் உடனே இரண்டு காரியம் செய்வார்கள்: பாலிசியைத் திறந்து எதையாவது மாற்றிச் சேமிப்பார்கள், பிறகு எல்லாக் கம்ப்யூட்டரிலும் பாலிசியை உடனே இறக்கும் 'ஜிபிஅப்டேட் /ஃபோர்ஸ்' கட்டளையை ஓட்டுவார்கள். இரண்டும் வேண்டாம். முதலாவது, ஏற்கெனவே குழம்பிக் கிடப்பதில் புது வெர்ஷன் ஒன்றைச் சேர்க்கிறது. இரண்டாவது, சில கம்ப்யூட்டரில் கோளாறைத் தற்காலிகமாக மூடிவிடுகிறது; காரணம் என்னவென்று தெரியாமலே போய்விடும், அடுத்த வாரம் அதே புகார் வரும்.

இந்த வழிகாட்டி, விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் (அலுவலகத்தின் கணக்குகளையும் கம்ப்யூட்டர்களையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) சேர்ந்த கம்ப்யூட்டர்களுக்கானது. ஒரு பாலிசி கம்ப்யூட்டரில் இறங்க வேண்டுமானால், அந்தக் கம்ப்யூட்டரோ யூசரோ சரியான ஓயூவில் (கணக்குகளைப் பிரித்து வைக்கும் டைரக்டரிப் பிரிவு) இருக்க வேண்டும். ஃபில்டர் எதுவும் தடுக்கக் கூடாது. டொமைன் கன்ட்ரோலரில் (டொமைனை நடத்தும் சர்வர்) பாலிசியின் சரியான பிரதி இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் அதைப் படித்து எழுதி முடிக்க வேண்டும். அதன் பிறகு வேறெதுவும் அதை மேலெழுதக் கூடாது. எங்கே அறுந்தது என்று தெரிந்த பிறகுதான் பாலிசியில் கை வைக்க வேண்டும்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் கொடுத்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. தேவையான கருவிகள் எல்லாம் விண்டோஸோடு வருபவை, அல்லது மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருபவை. உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் குரூப் பாலிசி மேனேஜ்மென்ட் கன்சோல் வேண்டும். விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து இது ஆர்சாட் என்ற பெயரில் செட்டிங்ஸின் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியிலேயே கிடைக்கிறது; தனியாக டவுன்லோடு செய்ய வேண்டியதில்லை. ஹோம் பதிப்பில் இது கிடைக்காது. ஹோம் பதிப்பை டொமைனில் சேர்க்கவும் முடியாது.

அனுமதி விஷயம்: ரிப்போர்ட் எடுக்க அந்தந்தக் கம்ப்யூட்டரில் லோக்கல் அட்மின் உரிமை போதும். டொமைன் அட்மின் கணக்கோடு ஊழியர்களின் கம்ப்யூட்டரில் லாகின் செய்யாதீர்கள். பாதுகாப்புக்கும் கேடு, ரிப்போர்ட்டும் குழம்பும் (படி 4-ல் காரணம் இருக்கிறது).

ஆவணங்கள் மூன்று. பிரச்சினை உள்ள பாலிசியின் பேக்கப்: கன்சோலில் அந்த ஜிபிஓ (குரூப் பாலிசி ஆப்ஜெக்ட், அதாவது ஒரு பாலிசித் தொகுப்பு) மேல் ரைட் கிளிக் செய்து 'பேக்கப்' கொடுத்தால் ஒரு நிமிட வேலை. அதே ஜிபிஓவின் செட்டிங்ஸ் ரிப்போர்ட், எச்டிஎம்எல் கோப்பாக. மூன்றாவது, ஒரு எக்செல் தாள்: கம்ப்யூட்டர் பெயர், லாகின் செய்த யூசர், ஓயூ, விண்டோஸ் பதிப்பும் பில்ட் எண்ணும், எந்த டொமைன் கன்ட்ரோலரிலிருந்து பாலிசி வாங்கியது, கடைசியாக எப்போது வாங்கியது. ஆறு பத்திதான். இதை நிரப்பும்போதே பாதி நேரம் காரணம் கண்ணில் பட்டுவிடும், உதாரணமாக ஆறு கம்ப்யூட்டரும் ஒரே டொமைன் கன்ட்ரோலரிலிருந்து வாங்கியிருக்கும்.

2. ஒரு நல்லது, ஒரு கெட்டது: ஜோடி தேர்ந்தெடுங்கள்

ஆறு கம்ப்யூட்டரையும் ஒரே நேரத்தில் நோண்ட வேண்டாம். பாலிசி சரியாக வந்த ஒன்று, வராத ஒன்று: இரண்டு போதும். முடிந்தவரை ஒரே துறை, ஒரே மாடி, ஒரே விண்டோஸ் பதிப்பாக இருக்கட்டும்.

பிறகு யூசரை மாற்றிப் பாருங்கள். கெட்ட கம்ப்யூட்டரின் யூசர் நல்ல கம்ப்யூட்டரில் லாகின் செய்யட்டும். கோளாறு யூசரோடு கூடவே வந்தால் யூசர் கணக்கின் ஓயூவையோ குரூப்பையோ பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டால் கம்ப்யூட்டர் பக்கம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடச் சோதனை இது. இதைத் தவிர்த்துவிட்டுப் பல மணி நேரம் தவறான பக்கத்தில் தேடுபவர்கள் ஏராளம்.

3. நேரம் ஆகிவிட்டதா என்று முதலில் கணக்குப் போடுங்கள்

சாதாரணக் கம்ப்யூட்டர் 90 நிமிடத்துக்கு ஒரு முறை பாலிசியைப் புதுப்பிக்கும். அதோடு 0 முதல் 30 நிமிடம் வரை தற்செயலான தாமதம் சேரும். ஆக, அதிகபட்சம் இரண்டு மணி நேரம். டொமைன் கன்ட்ரோலர்கள் தங்களுக்கான பாலிசியை 5 நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்ளும். கிளை அலுவலகத்தில் தனி சைட்டும் (ஆக்டிவ் டைரக்டரியில் ஓர் இடத்தைக் குறிக்கும் பிரிவு) தனி டொமைன் கன்ட்ரோலரும் இருந்தால் ரெப்ளிகேஷன் நேரத்தையும் (டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றுக்கொன்று பிரதி அனுப்ப ஆகும் நேரம்) கூட்டுங்கள்: சைட்டுகளுக்கு இடையே இயல்பான இடைவெளி 180 நிமிடம், குறைக்கக்கூடிய எல்லை 15 நிமிடம். யாரும் மாற்றியிருக்காவிட்டால், தலைமை அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு மாற்றிய பாலிசி கிளையில் மாலை மூன்று மணிக்கு வந்து சேர்ந்தாலும் அது கோளாறு அல்ல.

இன்னொரு வகைப் பாலிசிகள் எவ்வளவு காத்திருந்தாலும் வராது. சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன், ஃபோல்டர் ரீடைரக்‌ஷன் இரண்டும் கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகும்போது அல்லது யூசர் லாகின் செய்யும்போது மட்டும்தான் இறங்கும். அதிலும் விண்டோஸ் கிளையன்ட் கம்ப்யூட்டர்கள் வேகமாக லாகின் ஆவதற்காக நெட்வொர்க்குக்குக் காத்திருக்காமல் டெஸ்க்டாப்பைக் காட்டிவிடும். அதனால் இந்த வகைப் பாலிசிகளுக்கு இரண்டு முறை ரீஸ்டார்ட் அல்லது இரண்டு முறை லாகின் தேவைப்படலாம். ஒரு முறை செய்துவிட்டு 'வரவில்லை' என்று முடிவுகட்டாதீர்கள்.

இங்கேயே பெரிய பொறி ஒன்று இருக்கிறது. 'ஷட்டவுன் செய்து ஆன் செய்தேன்' என்று ஊழியர் சொன்னால் அது ரீஸ்டார்ட் ஆகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன் ஆகியிருந்தால் ஷட்டவுன் என்பது பாதி ஹைபர்னேட்தான். கம்ப்யூட்டர் ஸ்டார்ட்டப் பாலிசிகள் அப்போது ஓடாது. மெனுவில் 'ரீஸ்டார்ட்' என்று இருப்பதையே அழுத்தச் சொல்லுங்கள். தினமும் ஒழுங்காக ஷட்டவுன் செய்பவரின் கம்ப்யூட்டர்தான் பல வாரம் பழைய பாலிசியோடு ஓடிக்கொண்டிருக்கும், வேடிக்கைதான்.

4. ஜிபிரிசல்ட் எடுத்து, வரி வரியாகப் படியுங்கள்

இரண்டு கம்ப்யூட்டரிலும் கமாண்ட் பிராம்ப்டை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்து, எந்தப் பாலிசி இறங்கியது என்று காட்டும் 'ஜிபிரிசல்ட் /ஆர்' கட்டளையை ஓட்டுங்கள். அட்மினாகத் திறக்காவிட்டால் யூசர் பகுதி மட்டும் தெரியும், கம்ப்யூட்டர் பகுதி வரவே வராது. அதைப் பார்த்துவிட்டு 'கம்ப்யூட்டர் பாலிசி எதுவுமே வரவில்லை' என்று அலறுவது புதியவர்களின் வழக்கம்.

இன்னொரு குழப்பம்: ஊழியர் லாகின் செய்திருக்க, நீங்கள் உங்கள் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுத்து பிராம்ப்டைத் திறந்தால் யூசர் பகுதி உங்கள் கணக்குக்கு வரும், அல்லது இந்த யூசருக்குத் தரவு இல்லை என்று செய்தி வரும். '/யூசர்' சேர்த்து ஊழியரின் கணக்குப் பெயரைக் கொடுத்தால் அவருடையது கிடைக்கும்.

விரிவான ரிப்போர்ட்டுக்கு 'ஜிபிரிசல்ட் /எச்' கொடுத்து ஒரு எச்டிஎம்எல் கோப்பின் பெயரைக் கொடுங்கள். பழைய 'ஆர்சாப்' கன்சோலை நம்ப வேண்டாம். பிரெஃபரன்ஸ் பகுதியை (யூசர் பிறகு மாற்றிக்கொள்ளக்கூடிய செட்டிங்குகள்) அது காட்டாது.

படிக்க வேண்டிய இடங்கள் இவை. மேலே 'லாஸ்ட் டைம் குரூப் பாலிசி வாஸ் அப்ளைடு' என்ற வரி. நேற்றைய தேதி இருந்தால் கம்ப்யூட்டர் டொமைன் கன்ட்ரோலரை எட்டவே இல்லை. நேராகப் படி 8-க்குப் போங்கள். அடுத்த வரி 'அப்ளைடு ஃப்ரம்': எந்த டொமைன் கன்ட்ரோலரிடமிருந்து வாங்கியது என்று சொல்லும். உங்கள் எக்செல் தாளின் ஐந்தாவது பத்தி இதுதான். '%லாகான்சர்வர்%' என்ற மாறி காட்டும் பெயரை இதற்குப் பதிலாக எழுதிவிடாதீர்கள். அது லாகின் நேரத்துப் பெயர், பாலிசி வேறொன்றிடமிருந்து வந்திருக்கலாம்.

அதற்குக் கீழே அப்ளை ஆன ஜிபிஓக்களின் பட்டியல், அதன் கீழ் ஃபில்டர் ஆகி விடுபட்டவற்றின் பட்டியல். உங்கள் ஜிபிஓ எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை வைத்து வழி பிரிகிறது:

இரண்டிலும் இல்லை என்றால் ஓயூ அல்லது லிங்க் (ஜிபிஓவை ஓயூவோடு இணைப்பது) பிரச்சினை. படி 5. படிக்கும் அனுமதியே இல்லாத ஜிபிஓவும் இப்படி மறைந்துபோகலாம், அதனால் படி 6-ஐயும் ஒரு பார்வை பாருங்கள்.

விடுபட்ட பட்டியலில் 'டினைட் (செக்யூரிட்டி)' அல்லது 'டினைட் (டபிள்யூஎம்ஐ ஃபில்டர்)' என்று இருந்தால் படி 6.

'நாட் அப்ளைடு (எம்ப்டி)' என்று இருந்தால் அந்தப் பக்கத்தில் செட்டிங் எதுவும் இல்லை என்று பொருள். யூசர் செட்டிங் மட்டும் உள்ள ஜிபிஓ கம்ப்யூட்டர் பகுதியில் இப்படிக் காட்டுவது இயல்பு. பக்கம் சரியாக இருந்தும் எம்ப்டி என்று வந்தால், அந்த டொமைன் கன்ட்ரோலரில் உள்ள பிரதி பழையது. படி 7.

அப்ளை ஆன பட்டியலில் இருக்கிறது, ஆனால் செட்டிங் தெரியவில்லை என்றால் படி 9 அல்லது 10.

5. ஓயூவும் லிங்க்கும்

மிகச் சாதாரணக் காரணம்: புதுக் கம்ப்யூட்டரை டொமைனில் சேர்த்தவர் அதைச் சரியான ஓயூவுக்கு நகர்த்தவில்லை. புதிதாகச் சேரும் கம்ப்யூட்டர் எல்லாம் 'கம்ப்யூட்டர்ஸ்' என்ற கன்டெய்னரில் போய் விழும். அது ஓயூ அல்ல. அதன் மேல் ஜிபிஓவை லிங்க் செய்யவே முடியாது. டொமைன், சைட் மட்டத்துப் பாலிசிகள் மட்டும் அதற்கு வரும். 'ரெடிர்கம்ப்' கட்டளை மூலம் புதுக் கம்ப்யூட்டர்கள் வேறு ஓயூவில் விழும்படி ஒரே தடவை மாற்றிவைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

அடுத்தது, யூசர் செட்டிங் உள்ள ஜிபிஓவைக் கம்ப்யூட்டர்கள் மட்டும் இருக்கும் ஓயூவில் லிங்க் செய்வது. யூசர் செட்டிங், யூசர் கணக்கு இருக்கும் ஓயூவைத்தான் பார்க்கும். மூன்றாவதாக, கன்சோலில் லிங்க் ஆன் ஆகியிருக்கிறதா, ஜிபிஓ ஸ்டேட்டஸில் யூசர் பகுதியோ கம்ப்யூட்டர் பகுதியோ டிசேபிள் ஆகியிருக்கிறதா, ஓயூவில் 'பிளாக் இன்ஹெரிட்டன்ஸ்' நீல ஆச்சரியக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரை நகர்த்திய பிறகு அது உணர ஒரு ரீஸ்டார்ட் கொடுப்பது நல்லது.

6. ஃபில்டர்கள்: செக்யூரிட்டியும் டபிள்யூஎம்ஐயும்

செக்யூரிட்டி ஃபில்டரில் ஒரு குரூப்பை மட்டும் வைத்து, 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' என்பதை நீக்கிவிடும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. 2016 ஜூனில் வந்த எம்எஸ்16-072 பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, யூசர் பாலிசியையும் கம்ப்யூட்டர் தன் சொந்தக் கணக்கில்தான் போய்ப் படிக்கிறது. யூசர் குரூப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்து, கம்ப்யூட்டருக்குப் படிக்கும் அனுமதி இல்லாமல் செய்தால் பாலிசி வராது. தீர்வு எளிது: ஜிபிஓவின் 'டெலிகேஷன்' டேபில் 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' அல்லது 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' குரூப்புக்கு 'ரீட்' மட்டும் கொடுங்கள். 'அப்ளை' டிக் வேண்டாம். அதைக் கொடுத்தால் எல்லோருக்கும் இறங்கிவிடும்.

குரூப்பில் புதிதாகச் சேர்த்த கம்ப்யூட்டருக்கு அந்த உறுப்பினர் தகவல் ரீஸ்டார்ட் செய்யும்வரை தெரியாது. யூசருக்கு லாக் ஆஃப் செய்து மறுபடி லாகின் செய்யும்வரை தெரியாது. ஜிபிஅப்டேட்டை நூறு முறை ஓட்டினாலும் இதில் மாற்றம் வராது. ஜிபிரிசல்ட்டின் கடைசியில் வரும் குரூப் பட்டியலில் உங்கள் குரூப் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ரீஸ்டார்ட் செய்யவே முடியாத சர்வர் என்றால், அட்மின் பிராம்ப்டில் 'கேலிஸ்ட் -எல்ஐ 0எக்ஸ்3இ7 பர்ஜ்' ஓட்டிக் கம்ப்யூட்டர் கணக்கின் டிக்கெட்டுகளை (சேமித்த லாகின் சான்றுகள்) அழித்துவிட்டு ஜிபிஅப்டேட் கொடுக்கலாம்.

டபிள்யூஎம்ஐ ஃபில்டரில் (கம்ப்யூட்டரின் தன்மையைப் பார்த்துப் பாலிசியை விடும் அல்லது தடுக்கும் நிபந்தனை) ஒரு நுணுக்கம். விண்டோஸின் வெர்ஷன் எண் அங்கே எண்ணாக அல்ல, எழுத்துத் தொடராகத்தான் ஒப்பிடப்படும். 'வெர்ஷன் >= 6.2' என்று பழைய ஆள் யாரோ எழுதிவைத்த ஃபில்டர் விண்டோஸ் 8-இல் வேலை செய்யும், விண்டோஸ் 10-இல் தோற்கும். எழுத்து வரிசையில் '10.0' என்பது '6.2'-க்கு முன்னால் வருகிறது, முதல் எழுத்து 1 என்பதால். பழைய கம்ப்யூட்டர்களில் வருகிறது, புதியவற்றில் வரவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். 'லைக் 10.0%' என்று எழுதினாலும் கவனம்: விண்டோஸ் 11-உம் 10.0 என்றுதான் சொல்லும் (பில்ட் எண் 22000-இலிருந்து தொடங்கும்), சர்வர் 2016-உம் அதற்குப் பின் வந்தவையும் அப்படியே. சர்வர்களை விலக்க 'ப்ராடக்ட் டைப் = 1' என்பதைச் சேருங்கள்; 1 கிளையன்ட், 2 டொமைன் கன்ட்ரோலர், 3 மற்ற சர்வர்.

7. டொமைன் கன்ட்ரோலர்கள் ஒத்துப்போகின்றனவா?

ஒவ்வொரு ஜிபிஓவும் இரண்டு துண்டாக இருக்கிறது. ஒன்று ஆக்டிவ் டைரக்டரி தரவுத்தளத்தில், மற்றொன்று சிஸ்வால் என்ற பகிர்வு ஃபோல்டரில் கோப்புகளாக. இரண்டும் வெவ்வேறு வழியில் ரெப்ளிகேட் ஆகின்றன. முதலாவது போய்ச் சேர்ந்து, இரண்டாவது நின்றுபோனால், அந்த டொமைன் கன்ட்ரோலரைப் பிடித்த கம்ப்யூட்டர்கள் மட்டும் பழைய செட்டிங்கோடு ஓடும். மாடிக்கு மாடி, கிளைக்குக் கிளை பாலிசி வேறுபடும் புகார்களில் இதை நான் முதல் சந்தேகமாக வைப்பேன்.

எச்டிஎம்எல் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு ஜிபிஓவுக்கும் ரிவிஷன் எண் இரண்டு வரும்: ஏடி எத்தனை, சிஸ்வால் எத்தனை என்று. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அதோடு நல்ல கம்ப்யூட்டரின் எண்ணும் கெட்ட கம்ப்யூட்டரின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நேரடியாகப் பார்க்க, ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரின் பெயரையும் கொடுத்து சிஸ்வாலைத் திறந்து, 'பாலிசீஸ்' ஃபோல்டரில் அந்த ஜிபிஓவின் நீண்ட ஐடி பெயருள்ள ஃபோல்டருக்குள் 'ஜிபிடி.ஐஎன்ஐ' கோப்பை நோட்பேடில் திறங்கள். ஐபி முகவரியைக் கொடுத்துத் திறக்காதீர்கள். கெர்பரோஸ் எனும் அடையாளச் சோதனை நடக்காமல் அனுமதி மறுக்கப்படலாம், அதைப் பார்த்து வேறு கோளாறு என்று நினைத்துவிடுவீர்கள். டொமைன் பெயரைக் கொடுத்தாலும் பயனில்லை, ஏதோ ஒரு டொமைன் கன்ட்ரோலருடையதுதான் திறக்கும். கோப்பில் 'வெர்ஷன்=196613' என்பதுபோல ஒரு எண் இருக்கும். அதை 65536-ஆல் வகுங்கள்: ஈவு யூசர் பகுதியின் வெர்ஷன், மீதி கம்ப்யூட்டர் பகுதியின் வெர்ஷன். 196613 என்றால் யூசர் 3, கம்ப்யூட்டர் 5. இன்னொரு டொமைன் கன்ட்ரோலரில் 196611 என்று இருந்தால் கம்ப்யூட்டர் பகுதியில் இரண்டு மாற்றம் அங்கே போய்ச் சேரவில்லை.

எல்லா ஜிபிஓவையும் மொத்தமாகப் பார்க்க, கன்சோலில் டொமைன் பெயரைக் கிளிக் செய்து 'ஸ்டேட்டஸ்' டேபில் 'டிடெக்ட் நவ்' அழுத்துங்கள். எந்த டொமைன் கன்ட்ரோலர் பின்தங்கியிருக்கிறது என்று பட்டியல் வரும்.

பின்தங்கியது எது என்று தெரிந்ததும்: டைரக்டரிப் பக்கத்துக்கு 'ரெப்அட்மின் /ரெப்ல்சம்மரி'. சிஸ்வால் பக்கத்துக்கு, அந்த டொமைன் கன்ட்ரோலரின் ஈவன்ட் வியூவரில் டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் லாக். அங்கே 2213 என்ற ஈவன்ட் எண் இருந்தால், திடீரென மின்சாரம் போனது போன்ற காரணத்தால் ரெப்ளிகேஷன் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. மறுபடி தொடங்கும் கட்டளை அந்த ஈவன்ட்டின் செய்தியிலேயே இருக்கும். பேக்கப் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். 4012 இருந்தால் அந்தச் சர்வர் மிக நீண்ட காலம், இயல்பில் 60 நாளுக்கு மேல், மற்றவற்றோடு பேசவில்லை.

4012-க்குச் செய்வது நான்-ஆதரிட்டேட்டிவ் சிங்க் (மற்ற சர்வரின் பிரதியை இதில் இறக்குவது): கெட்ட சர்வருக்குரிய சிஸ்வால் சப்ஸ்கிரிப்ஷனில் 'எம்எஸ்டிஎஃப்எஸ்ஆர்-எனேபிள்டு' பண்பை ஃபால்ஸ் ஆக்கி, ரெப்ளிகேட் செய்து, 'டிஎஃப்எஸ்ஆர்டயாக் போல்ஏடி' ஓட்டி, 4114 ஈவன்ட் வரக் காத்திருந்து, பிறகு ட்ரூ ஆக்கி மறுபடி அதே கட்டளை. 4614, 4604 இரண்டும் வந்தால் முடிந்தது. இதே வேலையை 'ஆதரிட்டேட்டிவ்' (இதன் பிரதியை மற்றவற்றுக்குப் பரப்பும்) முறையில், அதுவும் தவறான சர்வரில் செய்தால் பழைய பிரதி எல்லா டொமைன் கன்ட்ரோலருக்கும் பரவிவிடும். சிஸ்வால் ஃபோல்டரைத் தனியாக நகல் எடுத்துவைக்காமல் இதைத் தொடாதீர்கள். முதல் முறை செய்பவர் என்றால் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அலுவலகம் முடிந்த பிறகு செய்யுங்கள்.

கோப்புகளைக் கையால் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி செய்து 'சரிசெய்வது' இன்னொரு பொறி. எண்கள் ஒத்துப்போகும், ரெப்ளிகேஷன் கெட்டேதான் இருக்கும்.

8. கம்ப்யூட்டர் டொமைன் கன்ட்ரோலரை எட்டுகிறதா?

டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை): கம்ப்யூட்டரின் டிஎன்எஸ் முகவரிகள் இரண்டுமே உள் டிஎன்எஸ் சர்வர்களாக இருக்க வேண்டும். 'இன்டர்நெட் நிற்காமல் இருக்கட்டும்' என்று இரண்டாவது இடத்தில் வெளி டிஎன்எஸ் போட்டிருப்பார்கள். அதற்கு உங்கள் டொமைன் பெயரே தெரியாது. கம்ப்யூட்டர் சில நாள் முதலாவதைக் கேட்கும், சில நாள் இரண்டாவதைக் கேட்கும். பாலிசியும் அதற்கேற்ப வரும், போகும். 'என்எல்டெஸ்ட் /டிஎஸ்கெட்டிசி:' என்று கொடுத்து டொமைன் பெயரைச் சேர்த்தால் எந்த டொமைன் கன்ட்ரோலர் கிடைக்கிறது, எந்த சைட் என்று தெரியும். கிளைக் கம்ப்யூட்டர் தலைமை அலுவலக சைட்டைக் காட்டினால், அந்தக் கிளையின் சப்நெட் (ஐபி முகவரி வரம்பு) ஆக்டிவ் டைரக்டரி சைட்ஸில் பதிவாகவில்லை.

கடிகாரம்: 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் கெர்பரோஸ் மறுக்கும். 'டபிள்யூ32டிஎம் /குவெரி /சோர்ஸ்' பாருங்கள்.

டிரஸ்ட் (டொமைனோடு உள்ள நம்பகத் தொடர்பு): பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்ட கம்ப்யூட்டரில் கம்ப்யூட்டர் கணக்கின் பாஸ்வேர்டு பொருந்தாமல் போகும், ஏனென்றால் அது இயல்பாக 30 நாளுக்கு ஒரு முறை மாறுகிறது. பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல்' ஓட்டி ஃபால்ஸ் வந்தால், '-ரிப்பேர்' சேர்த்து ஓட்டுங்கள். அதற்கு முன் அந்தக் கம்ப்யூட்டரின் லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

சிஸ்டம் லாகில் 1129 வந்தால், பாலிசி ஓடும் நேரத்தில் நெட்வொர்க் எழவில்லை. ஒரே சுவிட்சில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் மட்டும் இது தொடர்ந்து வந்தால் சுவிட்ச் போர்ட்டைப் பாருங்கள். நெட்வொர்க்கில் வளையம் உண்டாகாமல் தடுக்கும் பழைய ஸ்பானிங் ட்ரீ முறையில் போர்ட் திறக்க 30 விநாடி ஆகும். எஸ்எஸ்டி உள்ள கம்ப்யூட்டர் அதற்குள் பூட் ஆகி முடித்துவிடும். ஊழியர் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் (காத்திருக்காமல் போர்ட்டைத் திறக்கும் வசதி) ஆன் செய்து, லாகான் பகுதியில் உள்ள 'ஆல்வேஸ் வெயிட் ஃபார் த நெட்வொர்க்' பாலிசியையும் இயக்கினால் சரியாகும். லாகின் சற்று மெதுவாகும் என்று ஊழியர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

9. வாங்கியது, ஆனால் எழுதி முடிக்கவில்லை

ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், குரூப் பாலிசி, ஆபரேஷனல் என்று போங்கள். 5312 அப்ளை ஆகும் பட்டியல், 5313 விடுபட்ட பட்டியல். 4016 ஒரு எக்ஸ்டென்ஷன் (ஒரு வகை செட்டிங்கை எழுதும் பகுதி) தொடங்கியது, 5016 அது நல்லபடியாக முடிந்தது. 4016 இருந்து அதற்கான 5016 இல்லாவிட்டால், பிரச்சினை அந்த எக்ஸ்டென்ஷனில்தான்.

சிஸ்டம் லாகில் 1058 என்றால் ஜிபிடி.ஐஎன்ஐ-யைப் படிக்க முடியவில்லை. படி 7, 8 இரண்டையும் மறுபடி பாருங்கள். 1085 எக்ஸ்டென்ஷன் தோற்றது. 1096 என்றால் 'ரெஜிஸ்ட்ரி.பிஓஎல்' கோப்பு கெட்டுவிட்டது. செய்தியில் எந்தக் கோப்பு என்று பாதை இருக்கும். சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் இருக்கும் லோக்கல் கோப்பு என்றால் அதன் பெயரை மாற்றிவிட்டு ஜிபிஅப்டேட் /ஃபோர்ஸ் கொடுங்கள். லோக்கல் பாலிசியில் கையால் வைத்த செட்டிங்குகள் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். சிஸ்வாலில் இருக்கும் கோப்பு என்றால் கம்ப்யூட்டரில் எதையும் அழிக்காதீர்கள், அது எல்லோருக்குமான பிரதி.

10. அப்ளை ஆனது, ஆனால் வேறெதுவோ ஜெயித்தது

வரிசை: லோக்கல், சைட், டொமைன், ஓயூ, உள் ஓயூ. கடைசியாக எழுதுவது நிற்கும். ஒரே ஓயூவில் பல லிங்க் இருந்தால் லிங்க் ஆர்டர் 1 தான் கடைசியாக ஓடி ஜெயிக்கும்; பட்டியலின் கீழே இருப்பது ஜெயிக்கும் என்று தலைகீழாகப் புரிந்துகொள்வது வழக்கம். 'என்ஃபோர்ஸ்டு' போட்டது கீழே உள்ள எதையும் மீறும். இரண்டு என்ஃபோர்ஸ்டு மோதினால் மேல் மட்டத்தில் இருப்பது நிற்கும். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு செட்டிங்குக்கும் எதிரே 'வின்னிங் ஜிபிஓ' பத்தி இருக்கிறது. அதைப் படித்தாலே போதும், ஊகம் தேவையில்லை.

டொமைன் கணக்குகளின் பாஸ்வேர்டு பாலிசி, டொமைன் மட்டத்தில் லிங்க் ஆனால்தான் செல்லும். ஓயூவில் போட்டால் அந்தக் கம்ப்யூட்டர்களின் லோக்கல் கணக்குகளுக்கு மட்டும் பொருந்தும்.

லூப்பேக் (யூசர் செட்டிங்கையும் கம்ப்யூட்டரின் ஓயூவிலிருந்து எடுக்கும் வசதி): மீட்டிங் அறைக் கம்ப்யூட்டர், ரிமோட் டெஸ்க்டாப் சர்வர் போன்றவற்றில் ஒரே யூசருக்கு வேறு செட்டிங் வருகிறதா? கம்ப்யூட்டரின் ஓயூவில் லூப்பேக் ஆன் ஆகியிருக்கும். 'ரீப்ளேஸ்' என்றால் யூசரின் சொந்தப் பாலிசி எதுவும் வராது. 'மெர்ஜ்' என்றால் இரண்டும் வரும், மோதினால் கம்ப்யூட்டர் ஓயூவில் உள்ளது நிற்கும்.

பிரெஃபரன்ஸில் சிவப்புக் கோடு: பிரெஃபரன்ஸ் பகுதியின் சில திரைகளில் ஒவ்வொரு செட்டிங்குக்கும் கீழே ஒரு கோடு இருக்கும். பச்சைத் தொடர்கோடு என்றால் அது போகும். சிவப்புப் புள்ளிக்கோடு என்றால் நீங்கள் என்ன எழுதினாலும் போகாது. எஃப்5 எல்லாவற்றையும் பச்சையாக்கும், எஃப்6 கர்சர் இருக்கும் ஒன்றை மட்டும். எஃப்7 அந்த ஒன்றைச் சிவப்பாக்கும், எஃப்8 எல்லாவற்றையும். திரையைப் புதுப்பிக்கும் பழக்கத்தில் எஃப்5-ஐத் தட்டி, வேண்டாத செட்டிங் எல்லாவற்றையும் இயக்கிவிடுவதும் நடக்கும்.

பிரெஃபரன்ஸ் எழுதியது ஜிபிஓவை நீக்கிய பிறகும் கம்ப்யூட்டரில் தங்கும். 'ரிமூவ் திஸ் ஐட்டம் வென் இட் இஸ் நோ லாங்கர் அப்ளைடு' டிக் இருந்தால் மட்டும் போகும். பழைய கம்ப்யூட்டரில் ஒரு செட்டிங் இருக்கிறது, புதிதில் இல்லை, எந்த ஜிபிஓவிலும் காணவில்லை என்றால் என்றோ நீக்கிய பிரெஃபரன்ஸின் மிச்சம் அது.

பதிப்பு: சில பாலிசிகள் என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் மட்டும் வேலை செய்யும், விண்டோஸ் ஸ்டோரை முடக்குவது ஒன்று. ப்ரோ பதிப்பில் ஜிபிஓ இறங்கியதாக ரிப்போர்ட் சொல்லும், ஸ்டோர் திறக்கும். இங்கே மட்டும்தான் லைசன்ஸ் செலவு வரக்கூடும். வாங்கும் முன் பாலிசி விளக்கத்தையும் 'சப்போர்ட்டட் ஆன்' வரியையும் படியுங்கள்.

இன்டியூன் போன்ற எம்டிஎம்-இலும் (இன்டர்நெட் வழியாகச் சாதனங்களை நிர்வகிக்கும் சேவை) பதிவான கம்ப்யூட்டர் என்றால் 'டிஎஸ்ரெக்சிஎம்டி /ஸ்டேட்டஸ்' பாருங்கள். ஒரே செட்டிங்கை இரண்டு பக்கமும் வைத்திருந்தால் எது நிற்கும் என்பது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறலாம். ஏதேனும் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள்.

11. திருத்தியதைப் பரப்புவது

முதலில் கெட்ட கம்ப்யூட்டர் ஒன்றில் மட்டும் திருத்தத்தைச் சோதியுங்கள். ரீஸ்டார்ட், ஜிபிரிசல்ட், ரிவிஷன் எண், செட்டிங் நேரில் வேலை செய்கிறதா என்ற நான்கையும் பாருங்கள். பிறகு கன்சோலில் ஓயூ மேல் ரைட் கிளிக் செய்து 'குரூப் பாலிசி அப்டேட்' கொடுக்கலாம். எல்லாம் ஒரே நொடியில் ஓடாது. 10 நிமிடத்துக்குள் தற்செயலான இடைவெளியில் ஒவ்வொன்றாக ஓடும். ஃபயர்வால் தடுத்தால் பிழை வரும். அதற்கான போர்ட்டுகளைத் திறக்கும் ஸ்டார்ட்டர் ஜிபிஓ ஒன்று கன்சோலிலேயே தயாராக இருக்கிறது.

வேலை நாளின் காலை லாகின் நேரத்தில் பரப்ப வேண்டாம். மதியத்துக்கு மேல் தொடங்கி, இரண்டு மணி நேரம் கழித்து எக்செல் தாளில் உள்ள ஆறையும் சோதியுங்கள். சாஃப்ட்வேர் அல்லது ஃபோல்டர் ரீடைரக்‌ஷன் சம்பந்தப்பட்டது என்றால் அடுத்த நாள் மறுபடி பாருங்கள். ஆறில் ஒன்று மட்டும் இன்னும் அடம்பிடித்தால் அதற்குக் காரணம் வேறு. அதை வைத்துக்கொண்டு படி 4-லிருந்து தனியாகத் தொடங்குங்கள், மற்ற ஐந்துக்குச் சரியான திருத்தத்தைக் கலைக்காதீர்கள்.